பட்டறையும் பட்டறிவும்

"பட்டறிவு" என்பது தமிழ் மொழியின் அருஞ்சொற்களுள் ஒன்று. அறிவு இருவழியாக வருவது. படித்தறிவது ஒரு வழி. பட்டறிவது மற்றொரு வழி. நூலைக் கற்றவன் உண்மையைப் பிறர் வாயிலாகக் கேட்டவனாகின்றான். பட்டவனோ அவ்வுண்மையைத் தன் கையாலே தொட்டவனாகின்றான். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்குப் பள்ளிக்கூடங்கள் தோன்றிய நாள் முதலாக நடந்துவருவது. இன்னும் தீர்ப்புப் பெறாதது. அவ்வழக்கிலே இரு திறத்தாரும் சான்றாகக் காட்டத்தக்க வாழ்க்கையொன்று, நியூசிலாந்து நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் என்னும் நகரத்தில், ஒரு சிறிய கராச்சினுள் நிகழ்ந்தது.

அவ்வாழ்க்கைக்கு உரியவர் பேர்ட் மன்றோ (1899-1978) என்பவர். 1920ஆம் ஆண்டிலே அவர் ஒரு மோட்டார்ச் சைக்கிளை வாங்கினார். மணிக்கு ஏறக்குறைய 55 மைல் வேகமே அதன் எல்லை. 1967ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் உப்புவெளி ஒன்றில், அந்த மோட்டார்ச் சைக்கிள் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடித் தன் வகுப்பிலே சாதனை நிலைநாட்டியது. அப்பொழுது ஊர்தியின் வயது 47. ஓட்டியவரின் வயது 68. இடைப்பட்ட காலத்தில் அதிற் செய்யப்பட்ட மாற்றங்களுட் பெரும்பாலானவை அவர்தம் கையாலேயே, மிகச் சில கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டவை.

2005ஆம் ஆண்டில் றோஜர் டொனால்ட்சன் இயக்கத்தில், அந்தனி ஹொப்கின்ஸ் நடிப்பில் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக இவ்வரலாறு உலகெங்கும் பரவியது. ஒரு முதியவரின் மனத்திண்மையே அப்படத்தின் பொருள். மனத்திண்மை போற்றத்தக்கதே. ஆயினும் மனத்திண்மை மட்டும் ஓர் எஞ்சினின் ஓர் உறுப்பையேனும் வார்த்துத் தராது. 55 மைல் எவ்வாறு 183 மைல் ஆயிற்று என்னும் வினாவுக்கு விடை பௌதிகத்திலும் உலோகத்திலுமே உளது. அவ்விடையை ஆராயுமிடத்துத்தான் மன்றோவின் வாழ்க்கை கல்வியைப் பற்றி யாது கூறுகின்றது என்பதும் விளங்கும்.

ஊர்தியும் உரியவரும்

மன்றோ வாங்கிய ஊர்தியின் பெயர் "இந்தியன் ஸ்கௌட்" என்பது. "இந்தியன்" என்னும் பெயர் பாரத நாட்டைக் குறித்ததன்று. அமெரிக்காவின் ஆதிக்குடிகளைக் குறித்தது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் 1901ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நிறுவனம் ஒன்று அப்பெயரால் மோட்டார்ச் சைக்கிள்களை ஆக்கி விற்றது. "ஸ்கௌட்" வகையைத் திட்டமிட்டு வரைந்தவர் அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த சாள்ஸ் பிராங்கிளின் என்னும் பொறியியலாளர். ஆங்கில எழுத்தாகிய 'வி' போன்று விரிந்து நிற்கும் இரு உருளைகளையும், ஏறக்குறைய 600 கன சதமமீற்றர் கொள்ளளவையும் உடையது அதன் எஞ்சின். உழைப்புத் தாங்கும் நல்ல ஊர்தி என்னும் பெயர் அதற்கு இருந்தது. பந்தய ஊர்தி என்னும் பெயர் இருந்ததில்லை.

மன்றோ அதனை மாற்றியமைக்கத் தொடங்கியது 1926ஆம் ஆண்டிலாகும். பகலில் மோட்டார்ச் சைக்கிள்களை விற்பதும் திருத்துவதும் அவர் தொழில். இரவு முழுவதும் ஸ்கௌட்டுக்கு உரியது. 1938ஆம் ஆண்டில் அவர் நியூசிலாந்தின் வேகச் சாதனை ஒன்றை முதன்முறை நிலைநாட்டினார். பின்னரும் பல சாதனைகள் தொடர்ந்தன. 1940களில் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. அதன்பின் தொழிலையும் விட்டுக் கராச்சிலேயே குடியிருந்தார். படுக்கையும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ஊர்தியை ஆக்கிய பழைய நிறுவனம் 1953ஆம் ஆண்டிலே உற்பத்தியை நிறுத்தியது. கராச்சில் இருந்த ஊர்தியோ தன்னை ஆக்கிய தொழிற்சாலை மறைந்த பின்னரும் வளர்ந்துகொண்டே சென்றது.

வேகத்தின் விலை

வேகத்தைக் கூட்டுவதற்குப் பெரிய எஞ்சின் ஒன்றே போதும் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும்.

சமதரையில் விரைந்து செல்லும் ஊர்தியை எதிர்ப்பவற்றுள் முதன்மையானது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்வதற்கு வேண்டிய வலுவோ தடையையும் வேகத்தையும் பெருக்க வருவது. ஆகவே வலு வேகத்தின் முப்படியைப் பின்பற்றிக் கூடும். வேகம் இருமடங்கானால் வேண்டிய வலு எட்டு மடங்காகும். மன்றோ விரும்பிய வேகம் பழைய வேகத்தின் மூன்று மடங்கிலும் சிறிது மிகுந்தது; 183ஐ 55ஆல் வகுக்க வருவது 3.3க்கு மேற்பட்ட எண். அதன் முப்படி ஏறக்குறைய 37 ஆகும். அஃதாவது, ஊர்தியின் வடிவத்தை மாற்றாது எஞ்சினால் மட்டும் இவ்வேகத்தை எய்த வேண்டுமாயின், 37 பங்கு வலு தேவைப்படும். எத்துணைத் திறமையாலும் ஒரு பழைய எஞ்சினிலிருந்து அத்துணை வலுவைக் கறத்தல் இயலாது.

எனவே பணி இரண்டாகப் பிரிந்தது. ஒருபால் எஞ்சினின் வலுவைக் கூட்டுதல். மற்றொருபால் காற்றின் தடையைக் குறைத்தல். இரண்டாவதன் பொருட்டு மன்றோ ஊர்தி முழுவதையும் மூடும் கூடு ஒன்றை அமைத்தார். முன்னே உருண்டு பின்னே ஒடுங்கும் மீனின் உடலை ஒத்தது அதன் வடிவம். அவர் அதனுள் முன்னோக்கிக் குப்புறப் படுத்தவாறே ஊர்தியைச் செலுத்தினார். நீரிலே மீனுக்கு உதவும் வடிவம் காற்றிலே ஊர்திக்கும் உதவுவது வியப்பன்று, இரண்டும் பாய்பொருள்களே. நிமிர்ந்து அமர்ந்த மனிதனின் பின்னே காற்றுச் சுழித்துக் குழம்பும். அச்சுழியே ஊர்தியைப் பின்னுக்கு இழுப்பது. ஒடுங்கும் வால் காற்றை அமைதியாகக் கூடவைத்து அவ்விழுவையைக் குறைக்கின்றது.

ஆயினும் ஒன்றைப் பெற்றவிடத்து மற்றொன்றை இழத்தல் பொறியியலில் இயல்பு. அம்பு நேரே செல்வதற்குக் காரணம் அதன் நுனி பாரமாயிருத்தலும், காற்றைத் தாங்கும் இறகு பின்னே இருத்தலுமாம். கூடு பொருந்திய ஊர்தியில் காற்றின் அமுக்கம் புவியீர்ப்பு மையத்துக்கு முன்னே தாக்குமாயின், அது வால் முன்னாக எய்யப்பட்ட அம்பு போன்று திரும்ப முயலும். உப்புவெளியில் நிகழ்ந்த ஓர் ஓட்டத்தில் மன்றோவின் ஊர்தி பெருவேகத்தில் நடுங்கித் தடுமாறிச் சாய்ந்து வீழ்ந்தமையும் உண்டு. அவர் உயிர் பிழைத்தார். ஊர்தியை மீண்டும் பழுதுபார்த்தார்.

எஞ்சினின் மூச்சு

அடுத்துக் கருதவேண்டியது எஞ்சின். பெற்றோல் எஞ்சின் மூச்சுவிடும் பொருள் என்று கூறின் பிழையாகாது. நான்கடிப்பு எஞ்சினில் முசலம், அஃதாவது பிஸ்ரன், முதலாம் அடிப்பிற் காற்றையும் பெற்றோல் ஆவியையும் உள்ளிழுக்கும். இரண்டாவதில் அவற்றை அமுக்கும். மூன்றாவதில் எரிந்து விரியும் வாயுவால் தள்ளப்படும். நான்காவதிற் கழிவு வாயுவை வெளியேற்றும். எவ்வளவு காற்றை உள்ளிழுக்கின்றது, அதனை எவ்வளவு அமுக்குகின்றது, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இதனைச் செய்கின்றது என்னும் மூன்றுமே அதன் வலுவைத் தீர்மானிப்பன.

ஸ்கௌட்டின் பழைய எஞ்சின் பக்கவால்வு வகையைச் சார்ந்தது. அதில் வாயுவை விடும் வால்வுகள் உருளையின் மேலே இல்லாது பக்கத்தில் நின்றன. ஆக்குவதற்கு எளிது, பழுதும் குறைவு. ஆனால் உள்ளே வரும் வாயு மேலெழுந்து, வளைந்து, பின்னர் உருளையினுள் இறங்கவேண்டியிருந்தது. மேலும் எரியும் அறை பக்கவாட்டில் அகன்றிருந்தமையால் தீ நெடுந்தூரம் பரவவேண்டியிருந்தது. மிகுதியாக அமுக்கினால், தீ சென்று சேருமுன்னே மூலையிலுள்ள வாயு தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். மன்றோ வால்வுகளை உருளையின் தலைக்கு மேலே வைத்து, அதற்கு வேண்டிய தலைகளைத் தாமே ஆக்கினார். வாயுவின் வழி நேரானது, அறை சிறிதானது, அமுக்கலைக் கூட்ட இடம் பிறந்தது.

அடுத்துக் கொள்ளளவு. உருளையின் விட்டத்தைச் சிறிது கூட்டினாலும் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி மிகும். 600 கன சதமமீற்றராய் இருந்த எஞ்சின் 1962இல் 850 ஆகவும், 1966இல் 920 ஆகவும், 1967இல் 950 ஆகவும் வளர்ந்தது. பழைய உருளையின் சுவரை அவ்வளவுக்குச் சுரண்டினால் அது மெலிந்து வெடித்துவிடும். ஆகவே உருளைகளையும் அவர் புதிதாகவே ஆக்கினார். பழைய வார்ப்பிரும்பு வாயுக்குழாய்த் துண்டுகள் அதற்குப் பயன்பட்டன என்பர். முசலங்களைத் தாமே உலோகம் உருக்கி வார்த்தார். பழைய தகரப் பேணிகள் வார்ப்பு வேலைக்கு உதவின. கடைகளில் வாங்கற்குப் பணமின்மை ஒரு காரணம். கடைகளில் அத்தகையவை இன்மை மற்றொரு காரணம்.

அலுமினிய முசலத்தை வார்ப்பது எளிதென எண்ணற்க. அலுமினியம் வெப்பத்தால் விரியும் அளவு வார்ப்பிரும்பு விரியும் அளவின் ஏறக்குறைய இருமடங்கு. 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள முசலத்தின் வெப்பநிலை 200 பாகை கூடுமாயின், அதன் விட்டம் ஏறக்குறைய மூன்றிலொரு மில்லிமீற்றர் பெருக்கும். அதனினும் குளிர்ந்திருக்கும் இரும்புருளையோ மிகச் சிறிதே பெருக்கும். இடைவெளியைக் குறைவாக விட்டால் முசலம் உருளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். மிகுதியாக விட்டால் வாயு கசிந்து வலு கெடும். இவ்விரண்டு தவறுகளுக்கும் இடையே உள்ள வழி ஒரு மயிரிழை அகலமே.

இத்தகைய நுட்பத்தை அளக்க நுண்மானி வேண்டும். மன்றோவோ பழைய சில்லுக்கம்பி ஒன்றை நுண்மானியாகக் கொண்டார் எனக் கூறப்படுகின்றது. முதற் பார்வைக்கு இது நகைப்புக்கு இடமாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அதில் ஓர் உண்மை உண்டு. ஒருவன் தான் ஆக்கிய பொருளைத் தன் மற்றொரு பொருளுடன் பொருத்துவதற்கு வேண்டுவது எண் அன்று, ஒப்பு. கம்பி இவ்விடத்தே நுழைகின்றது, அவ்விடத்தே நுழையவில்லை என்பதே அவர் அறியவேண்டியது. எண் வேண்டுவது தன் அறிவைப் பிறருக்கு அனுப்ப விரும்புபவனுக்கு. மன்றோவின் முறையின் வலிமையும் அதுவே, குறைபாடும் அதுவே. கம்பி கண்ட நுட்பம் கம்பியைப் பிடித்த கையுடனே மறைந்துவிடும்.

படையல் தட்டு

எஞ்சினின் சுழற்சி மிகுந்தவிடத்து வலு மிகும். அதனோடு ஆபத்தும் மிகும். முசலம் உருளையின் இரு முனைகளிலும் நின்று திரும்புகின்றது. அதனை நிறுத்தித் திருப்பும் விசை முழுவதையும் இணைப்புத்தண்டே தாங்குகின்றது. அவ்விசை சுழற்சியின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. எடுத்துக்காட்டாக, 300 கிராம் நிறையுள்ள முசலம் ஒன்று 78 மில்லிமீற்றர் தூரம் ஏறி இறங்குவதாகக் கொள்க. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது இணைப்புத்தண்டை இழுக்கும் இழுவை ஏறக்குறைய 120 கிலோகிராம் பாரத்துக்குச் சமன். 6,000 சுற்றில் அஃது ஏறக்குறைய 470 கிலோகிராம் பாரத்துக்குச் சமன். அதுவும் ஒரு திசையில் அன்று. ஒரு செக்கனில் இருநூறு முறை இயக்கம் திசை மாறுகின்றது. மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிவதை யாவரும் அறிவர். உருக்கும் அவ்வாறே களைத்து முறியும். முறிந்த தண்டு முசலத்தை உடைக்கும். உடைந்த முசலம் உருளையைப் பிளக்கும். ஒரு கணத்தில் பல மாத உழைப்பு உடைந்த இரும்பாகும்.

இவ்வனுபவம் மன்றோவுக்கு ஒருமுறை இருமுறை அன்று, ஆண்டுதோறும் நேர்ந்தது. பழைய உழவு இயந்திரத்தின் அச்சுருக்கிலிருந்து இணைப்புத்தண்டுகளை வெட்டி, அரத்தால் அராவி அவர் உருவாக்கினார் என்பர். மரத்திற் சிற்பம் செதுக்குவார் செய்யும் வேலையை அவர் உருக்கிற் செய்தார். பறப்புச்சில்லுகளையும் எண்ணெய் செலுத்தும் அமைப்பையும் அவ்வாறே தாமே ஆக்கினார்.

இவ்விடத்து அவருடைய கராச்சில் இருந்த தட்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. உடைந்த முசலங்கள், முறிந்த தண்டுகள், எரிந்த வால்வுகள் ஆகியவற்றை அவர் வீசியெறியவில்லை. சுவரோரத்துத் தட்டில் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து, அதன்மேல் "வேகத் தெய்வத்துக்குப் படையல்கள்" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அது நகைச்சுவையாக எழுதப்பட்டதாதல் கூடும். ஆயினும் படையல் என்பதன் பொருளை அறிந்தோர்க்கு அச்சொல்லின் பொருத்தம் எளிதில் விளங்கும். படைக்கப்படுவது கழிக்கப்பட்ட பொருளன்று. ஒன்றைப் பெறுதற்பொருட்டு விரும்பிக் கொடுக்கப்பட்ட பொருள். மன்றோவுக்கு ஒவ்வொரு முறிவும் ஒரு செய்தியைக் கொண்டுவந்தது. தண்டு எவ்விடத்தில் முறிந்தது, முறிந்த முகம் மணிமணியாய் உளதா, தேய்ந்து வழவழப்பாய் உளதா, முசலத்தின் எப்பக்கம் உரசியது என்பவற்றைக் கண்டவன், அடுத்த உறுப்பை எவ்விடத்திற் பருமனாக்க வேண்டும், எவ்விடத்தில் மெலிவிக்கலாம் என்பதை அறிகின்றான். அத்தட்டு ஒரு நூலகம். அதிலுள்ள நூல்கள் விலை மிகுந்தவை, அவ்வளவே.

உப்புவெளி

அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள பொன்னவில் என்பது பழங்கால ஏரி ஒன்று வற்றியமையால் எஞ்சிய பரந்த உப்புவெளி. மேடு பள்ளமின்றிப் பல மைல் தூரம் சமமாய்க் கிடப்பது. கடல்மட்டத்தினின்றும் 4,200 அடி வரை உயர்ந்திருத்தலின் அங்கே காற்றுக் கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய எட்டிலொரு பங்கு ஐதானது. ஐதான காற்றால் தடை குறையும்; எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் நிறை குறைதலின் வலுவும் குறையும். ஆகவே ஓரிடத்திற் சரிசெய்யப்பட்ட எஞ்சினை அங்கே மீண்டும் சரிசெய்யவேண்டும். தம் ஊருக்கு அண்மையிலுள்ள ஒறேற்றிக் கடற்கரையின் ஈரமணலில் 1957ஆம் ஆண்டு மணிக்கு 131 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியிருந்த மன்றோ, 1962ஆம் ஆண்டிலே ஊர்தியைக் கப்பலேற்றிப் பொன்னவில் சென்றார்.

அவ்வாண்டு 883 கன சதமமீற்றர் வகுப்பில் அவர் எய்திய வேகம் மணிக்கு 178.95 மைல். 1966ஆம் ஆண்டிலே 1,000 கன சதமமீற்றர் வகுப்பில் அவர் நிலைநாட்டிய சாதனை 168.07 மைல். பெரிய எஞ்சின், நான்கு ஆண்டு உழைப்பு, ஆனால் முன்னையதினும் குறைந்த வேகம். அடுத்த ஆண்டில் அதே வகுப்பிலே 183.59 மைல் எனப் பதிவாயிற்று. தகுதிகாண் ஓட்டத்தில் ஒரு திசையில் மட்டும் 190.07 மைல் எய்தினார். முன்னேற்றம் என்பது ஏணிப்படி போன்று ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறுவதன்று என்பதற்கு இவ்வெண்களே போதிய சான்று. 1966இன் எண்ணோடு பணியை நிறுத்தியிருந்தால் உலகம் அவரைப் பின்னடைந்தவராகவே கருதியிருக்கும்.

சாதனைக்குரிய வேகம் ஒரு திசை ஓட்டத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, அவற்றின் சராசரி கொள்ளப்படும். காற்றின் உதவியும் எதிர்ப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்தற்பொருட்டே இவ்விதி. இக்கணக்கிலும் ஒரு பிழை நேர்ந்தமை பின்னர் வெளிப்பட்டது. மன்றோ மறைந்து 36 ஆண்டுகளின் பின், 2014ஆம் ஆண்டில், அவர் மைந்தர் பழைய பதிவுகளை நோக்கி, 1967ஆம் ஆண்டுச் சராசரி தவறாகக் கணிக்கப்பட்டதெனக் கண்டார். அமெரிக்க மோட்டார்ச் சைக்கிள் சங்கம் அதனை ஆராய்ந்து, சாதனையை 184.087 மைல் எனத் திருத்தியது. சில்லுக்கம்பியால் அளந்தவர் ஆக்கிய ஊர்தி சரியாக ஓடிற்று. கருவிகள் பல கொண்டு அளந்தவர்களின் கூட்டலிலே பிழை இருந்தது. எனினும் அப்பிழையைத் திருத்துதற்கு உதவியதும் எழுதிவைக்கப்பட்ட பதிவே என்பதை மறத்தலாகாது. எண்ணும் ஏடும் இல்லையேல் அவ்வுண்மை என்றும் வெளிவந்திராது.

எது அந்த ஊர்தி?

உருளை புதிது, முசலம் புதிது, இணைப்புத்தண்டு, வால்வு, தலை, கூடு யாவும் புதியவை. அங்ஙனமாயின் 1967இல் ஓடியது 1920இல் வாங்கிய ஊர்திதானா என்னும் வினா எழுகின்றது. இது பழைய வினா. பாளி மொழியிலுள்ள மிலிந்தன் வினாக்கள் என்னும் நூலிலே நாகசேனர் என்னும் துறவி மன்னனிடம் தேரைப் பற்றி இதனையொத்த வினாவை எழுப்புகின்றார். அச்சு தேராகுமா, சில்லுகள் தேராகுமா, நுகம் தேராகுமா என ஒவ்வொன்றாய்க் கேட்டு, எவ்வுறுப்பும் தேரன்று என்பதை மன்னன் வாயாலேயே ஒப்புவிக்கின்றார்.

மன்றோவின் ஊர்திக்கும் அவ்விடை பொருந்தும். எனினும் பட்டறையின் பக்கம் நின்று வேறொரு விடையும் கூறலாம். அங்கே ஒவ்வொரு புதிய உறுப்பும் தனக்கு முன் இருந்த உறுப்பு எவ்வாறு கெட்டது என்னும் அறிவிலிருந்து பிறந்தது. முதற்றண்டின் முறிவு இரண்டாம் தண்டின் வடிவத்தை வரைந்தது; இரண்டாவதன் முறிவு மூன்றாவதை வரைந்தது. உலோகம் மாறியது, அறிவின் தொடர் அறவில்லை. அத்தொடரே அவ்வூர்தி. முறிந்தவற்றையெல்லாம் எறிந்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து புதிய உறுப்புகளை வாங்கிப் பூட்டியிருந்தால், ஊர்தி ஓடியிருக்கலாம், தொடர் அற்றிருக்கும்.

மண்ணெண்ணெய்க் காலம்

இத்தகைய பட்டறிவு தொலைதேசத்து விந்தை மட்டுமன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கி இலங்கையின் வடபகுதியின்மேல் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. யாழ்ப்பாணத்தின் மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. முதியோர் பலர் இதனைக் கண்டவர், இளையோர் கேட்டிருப்பர். அதன் காரணத்தை அறிந்தோர் சிலரே.

பெற்றோல் சாதாரண வெப்பநிலையில் எளிதில் ஆவியாகும்; மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயால் உயிர்ப்பித்தல் அரிது. முதலிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயைச் செலுத்தினர். மேலும் மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கலைத் தாங்காது, தானே வெடித்துத் தட்டும் இயல்பினது. எனவே அமுக்கல் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனை ஏற்றன. புதியவற்றினும் பழையனவே அக்காலத்துக்கு உதவின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சினின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தமையும், புகையும் கரியும் எஞ்சினை அரித்தமையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. மன்றோ விருப்பத்தாற் செய்ததை இங்குள்ளோர் முட்டுப்பாட்டாற் செய்தனர். ஆயினும் இரு சாராரும் ஓர் உண்மையை ஏற்றவர்கள்: இயந்திரம் என்பது மூடிய பெட்டி அன்று, திறந்து பார்ப்பவனுக்குத் தன் இயல்பைக் கூறும் பொருள்.

வழக்கின் தீர்ப்பு

முதலில் எழுப்பிய வழக்குக்கு மன்றோவின் வாழ்க்கை எத்திறத்தார் பக்கம் சான்று கூறுகின்றது? பட்டறிவே போதும் என்போர் அவரைத் தம்மவர் எனக் கொள்வர். ஆனால் அவர் கொடுத்த விலையையும் கருதவேண்டும். நாற்பது ஆண்டுகள், உடைந்த எஞ்சின்கள், உடற்காயங்கள், முறிந்த இல்வாழ்க்கை ஆகியவை அவ்விலையில் அடங்கும். கற்ற பொறியியலாளன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதிற் கணித்துக் கூறக்கூடிய சிலவற்றை அறிய அவருக்குச் சில ஆண்டுகள் சென்றிருத்தல் வேண்டும். ஆசிரியரின்றித் தனியே கற்பவர் எவர்க்கும் நேர்வது இது. கற்பதோடு அமையாது, தம்மைத் தாமே பரீட்சித்துத் தாமே புள்ளியிடும் சுமையும் அவர்மேல் வீழ்கின்றது. அச்சுமையை நேர்மையோடு சுமந்தமையே மன்றோவின் பெருமை. இரும்பிடம் எவரும் பொய் கூறுதல் இயலாது. பிழையான தண்டு ஓட்டத்தின் நடுவே முறிந்து தன் புள்ளியை அறிவிக்கும்.

கல்லூரிகளின் விஞ்ஞானக்கூடத்தில் நிலைமை அவ்வாறன்று. ஊசலின் அலைவுகாலத்தையோ நீரின் கொதிநிலையையோ அளக்கும் மாணவன், வரவேண்டிய விடையை நூலில் முன்னமே படித்திருக்கின்றான். தன் அளவீடு அதனோடு ஒவ்வாதவிடத்து, அளவீட்டை ஆராயாது, விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்தி எழுதுகின்றான். குறிப்பேடு அழகாய் அமைகின்றது, புள்ளியும் கிடைக்கின்றது. அவன் அன்று இழந்தது யாது என்பதை அவனும் அறியான், பலவேளைகளில் அவனுக்குப் புள்ளியிட்டவரும் அறியார். ஒவ்வாத அந்த எண்ணே அன்றைய பரிசோதனையின் படையல். வெப்பமானி பிழையோ, நூல் நீண்டதோ, கண் சாய்ந்து நோக்கியதோ என அவன் தேடியிருப்பின், நூலிலே இல்லாத ஒன்றை அவன் கற்றிருப்பான்.

படித்தறிதலும் பட்டறிதலும் பகைவர் அல்லர். முன்னது பிறர் பட்டதைக் குறைந்த விலையிற் பெறும் வழி. பின்னது அவ்வாறு பெற்றதைத் தனதாக்கும் வழி. மன்றோவின் ஊர்தி இன்று இன்வர்கார்கில் நகரத்து ஹேய்ஸ் என்னும் கடையிலே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்ச் சைக்கிள் சங்கத்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. சிவந்த கூட்டையும் சாதனை எண்ணையும் கண்டு வியப்போர் பலர். ஆனால் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் அதனினும் பெரிது உடைந்த உறுப்புகள் நிரம்பிய அத்தட்டு. ஒவ்வொரு விஞ்ஞானக்கூடத்திலும், ஒவ்வொரு வகுப்பறையிலும் அத்தகைய தட்டு ஒன்றுக்கு இடம் ஒதுக்கப்படுமாயின், பிழையை மறைக்கும் மாணவர் தொகை குறையும். பிழையிலிருந்து கற்கும் மாணவர் தொகை பெருகும்.